கெண்டைமடுவு சம்மதித்தது

பந்தல் போட்டாயிற்று. மைக் கட்டியாயிற்று. நாற்காலிகளும் வரிசை வரிசையாக வந்து இறங்கிவிட்டன. உட்காரத்தான் ஆள் இல்லை. முன்வரிசையில் ஒரே ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் நாற்காலிகளை வாடகைக்கு விட்டவர்.

"நீங்களாவது கூட்டம் முடியிற வரைக்கும் இருப்பீங்களாங்க?" என்று அவரிடம் பூவிழி கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"எங்கங்க? பென்னாகரத்துல ஒரு காதுகுத்துக்கு சேர் எறக்கணும். நல்லவேளை, இதுல யாரும் ஒக்காரல. தொடைக்கிற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்து போனார்.

பூவிழி கெண்டைமடுவு ஊராட்சியின் செயலர். ஊருக்குக் கீழே, இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் காவிரி ஆழமாகத் தேங்கி நிற்கும் இடம்தான் கெண்டைமடுவு. ஊருக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. அந்த மடுவில் பெருங்கெண்டை என்று ஒரு மீன் இருக்கிறது. விட்டால் ஆள் உயரத்துக்கு வளரும். ஆற்றில் மற்ற இடங்களில் அநேகமாக அற்றுப்போய்விட்டது. அதனால் மடுவை மீன் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க மீன்வளத் துறை விரும்பியது. வலை கூடாது, தூண்டில் கூடாது, மீனைக் கொல்லத் தண்ணீரில் வெடிமருந்துத் தோட்டா வெடிக்கவே கூடாது. ஆனால் ஊர் மக்கள் கூடிப் பேசி, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அறிவிப்பு. மக்கள் வராவிட்டால் அக்கறையில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

போன தடவை கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்கள் பூவிழியும் வார்டு மெம்பர் ராஜாமணியும். காலி நாற்காலிகளைப் பார்த்து அவள், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்த படம் ஒன்றியம் முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கீழே கைதட்டும் பொம்மை வேறு போட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் போனாள்.

அவளுக்கு இதில் உத்தியோகத்தைத் தாண்டியும் ஓர் அக்கறை இருந்தது. கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து ஆற்றில் தோட்டா போட்ட மறுநாள் துணி துவைக்கப் போயிருந்தாள். குஞ்சும் பெரிசுமாக மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தன. வெடித்தவர்கள் வேண்டியதை அள்ளிக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். பூவிழி துணியைத் துவைக்காமலே திரும்பி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மடுவை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மீனுக்காக அழுதாள் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும்.

இன்றைக்குக் கடைசி வாய்ப்பு. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். பந்தலில் ஒரு நாய்கூட இல்லை.

ராஜாமணி தெருவைச் சுற்றிவிட்டு வியர்வையோடு வந்தான்.

"எல்லாரும் வூட்டுலதான் இருக்காங்க மேடம். வாங்கன்னா, 'சாப்பாடு என்ன?'ன்னு கேக்குறாங்க."

"தக்காளி சாதம், தயிர் சாதம்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னன். அதனாலதான் வூட்டுலயே இருக்காங்க."

"அப்பறம் என்னதான் பண்றது?"

ராஜாமணி குரலைத் தாழ்த்தினான். "மீன் கொழம்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரே வந்து நிக்கும்."

"மீனக் காப்பாத்தற கூட்டத்துல மீன் கொழம்பா? உனக்கு வெக்கமா இல்ல?"

"காப்பாத்தப் போறது மடுவு மீன. கொழம்பு வெக்கப் போறது கடை மீன. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பூவிழி காலி நாற்காலிகளைப் பார்த்தாள். வாட்ஸப்பில் வந்த கைதட்டும் பொம்மை கண்ணுக்குள் வந்து நின்றது. "போயி வாங்கிட்டு வா. பென்னாகரம் கடையில. ஜிலேபி மீனு மட்டும். அதிகாரி கண்ணுல படக் கூடாது" என்றாள். சொல்லும்போதே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்கு ஓடினாள். தீர்த்தம்மாள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். தீர்த்தம்மாள் ஒகேனக்கல்லில் வெகுகாலம் மீன் சமைத்தவள். சுற்றுலா வருகிறவர்கள் மீனை வாங்கி நீட்டினால் போதும். அடுப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் அவளுடையது. கொஞ்ச நேரத்தில் இலையில் வந்துவிடும். இப்போது விசேஷங்களுக்குச் சமைக்கிறாள்.

"தீர்த்தம்மாக்கா, திட்டம் மாறிப்போச்சு. மீனு வரும். வந்தா சத்தம் காட்டாம சமைச்சிருங்க."

"வரட்டும் கண்ணு. எங்கிட்ட மீனு வந்துச்சுன்னா கொழம்பாத்தான் வெளிய போவும்" என்று தீர்த்தம்மாள் தக்காளியை ஓரமாகத் தள்ளினாள்.

ராஜாமணி ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டே கடைக்குப் போனான். அரை மணி நேரத்தில் பந்தலில் ஆட்கள் தென்பட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் நிற்கவில்லை. கெண்டைமடுவு வந்தது. பக்கத்து ஊர் வந்தது. அதற்குப் பக்கத்து ஊரும் தூக்குவாளியோடு வந்தது. ஆட்டோ எதுவரைக்கும் போயிற்றோ என்று பூவிழி தலைகளை எண்ண ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

சுசித்ரா மேடம் இறங்கியதும் பந்தலைப் பார்த்து அசந்துபோனார். மீன்களுக்காகவே வாழ்கிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மீனின் மேல் உள்ள பாசத்தால் மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டவர். தூரத்தில் ஆட்டோ மைக் இரைந்துகொண்டிருந்தது.

"மைக்ல என்ன சொல்றாங்க பூவிழி?"

"மீனப் பத்தித்தாங்க மேடம்" என்றாள் பூவிழி. அது பொய்யில்லை.

"என்ன ஒரு ஆர்வம்! கடற்கரையிலகூட நான் இவ்வளவு கூட்டம் பாத்ததில்லை."

பூவிழியின் காது சூடாகிவிட்டது. இதற்குள் ஜீப் டிரைவர் சாமான்களை இறக்கத் தொடங்கியிருந்தார். சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டியிருந்தார்.

"பேனர் எங்கங்க கட்டறது?"

"அந்தத் தூணுலங்க சாமி."

"புரஜெக்டரு?"

"மேசை மேலங்க."

பூவிழியின் கைப்பேசி அடித்தது. ராஜாமணி. "மேடம், கூட்டத்துக்குப் பத்தற அளவுக்கு ஜிலேபி இல்லீங்களாம். இருக்கிறத வாரிக்கிட்டு வர்றன்" என்றான். "மெதுவாப் பேசு!" என்று அவள் கைப்பேசியைக் கையால் பொத்தினாள்.

"இந்தப் பெட்டிய நெழல்ல வெக்கணுமாம். எங்க வெக்கட்டும்?" என்று டிரைவர் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியோடு நின்றார்.

"பின்னால கொட்டாய் இருக்குது, அங்க அக்காகிட்ட குடுத்துருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, "பத்தலன்னா கொழம்புல தண்ணிய ஊத்தச் சொல்லிக்கலாம், நீ வா" என்று கைப்பேசியில் கிசுகிசுத்தாள். டிரைவர் சாமி பெட்டியைக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் மசாலா அரைபடும் வாசனை தாங்காமல், சைவச் சாப்பாடு தேடி ஜீப்பை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மற்றவர்களுக்கும் வாசனை வந்தது. புளியும் மிளகாயும் மீனும் ஒன்றாகக் கொதிக்கும் வாசனை. அதை மூடி வைக்க இதுவரை ஒரு தட்டும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சுசித்ரா மூக்கை உறிஞ்சினார். "மீன் வாசனை மாதிரி இருக்கே?"

"பக்கத்து வூட்டுலங்க மேடம். அவங்க வூட்டுல தெனமும் மீனுதான்" என்று பூவிழி வாயில் வந்ததைச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரியான பெரியம்மாள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விருட்டென்று எழுந்தாள். "யாரு வூட்டுல மீனு? கார்த்திகை மாசம் பொறந்ததுலருந்து எங்க வூட்டுச் சட்டியில முட்டைகூட வெந்ததில்ல! எம் பையன் மாலை போட்டிருக்கான். ஏம்மா பூவிழி, வாய் கூசாம இப்பிடிச் சொல்லுவியா?"

"உங்கள இல்லீங்கத்த... அந்தப் பக்கத்து வூட்ட..."

"அந்தப் பக்கம் ஆறுதான் இருக்குது!"

"ஆமாங்க மேடம், ஆறு. ஆத்துக்காத்து" என்றாள் பூவிழி.

சுசித்ரா ஆற்றுப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார். "மசாலா வாசனையும் வருதே" என்றார்.

இதற்கு மேல் பொய் சொல்ல பூவிழியிடம் சரக்கு இல்லை. மைக்கைப் பிடுங்கி, "கூட்டம் இப்பவே ஆரம்பிக்குதுங்க" என்று அறிவித்துவிட்டாள். பெரியம்மாள் உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை முறைத்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பூவிழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுசித்ரா திரையில் படம் காட்டினார். முதல் படத்தில் கடல். இரண்டாவது படத்திலும் கடல். அவர் இத்தனை வருடமும் கடற்கரையில் வேலை பார்த்தவர்.

"கடலோரத்துல சில ஊர்ல மக்களே ஒண்ணா உக்காந்து பேசி, இந்த இடத்துல இனிமே வலை போட மாட்டோம்னு முடிவு பண்ணியிருக்காங்க. அரசாங்கம் சொல்லி இல்ல, அவங்களா. கடல்ல நடந்தது ஆத்துலயும் நடக்கணும். இதோ, இதுதான் கடற்பசு. இதையும் அப்படித்தான் காப்பாத்தினாங்க."

கோபத்தையும் மறந்து பெரியம்மாள் கேட்டாள். "எத்தினி லிட்டர் கறக்கும்ங்க?"

"இது... கறக்கற பசு இல்லைங்கம்மா."

"கறக்காத பசுவ எதுக்குங்க காப்பாத்தணும்?"

பந்தல் இதை ஆமோதித்தது. கடற்பசுவுக்கு மானியம் உண்டா என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார். சுசித்ரா அவசரமாக அடுத்த படத்துக்குப் போனார். அதிலும் கடல்தான் இருந்தது.

அப்போது நஞ்சப்பன் எழுந்தார். பரிசல்காரர், மீன்பிடிக்கிறவர்களுக்கெல்லாம் பெரியவர். பூவிழிக்கு வீட்டுக்காரர் வழியில் மாமன் முறை. அவர் எழுந்ததும் சலசலப்பு நின்றது.

"கடல் இருக்கட்டும்ங்க. நம்ம மடுவப் பேசுவம். எங்க அப்பன் காலத்துலருந்து மடுவுல நாங்க வலை போடறதில்ல. மடுவு மீனு ஆத்தாளுக்குன்னு விட்டுட்டம். தோட்டா போடறவன் வெளியூர்க்காரன். அவனப் புடிக்க உங்களால ஆவல. எங்களக் கூப்புட்டு, மடுவுல கை வெக்க மாட்டம்னு எழுதிக் குடுன்னு கேக்குறீங்க. நாங்க என்ன திருடனுங்களா?"

"அப்படி யாரும் சொல்லலைங்கய்யா..."

"பேடா மேடம், பேடா" என்று நஞ்சப்பன் கையை உதறினார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அவருக்கு உண்மையிலேயே கோபம் என்று ஊருக்குத் தெரியும். "எங்க ஊருக்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், மடுவுல பெருங்கெண்டையப் புடிச்சான்னு காட்டுங்க. மொதக் கையெழுத்து நான் போடறன். அதுவரைக்கும் எங்க பேனா பேசாது."

பந்தலே கைதட்டியது. பூவிழிக்கு ஒரு பக்கம் தலை சுற்றியது. இன்னொரு பக்கம், மாமனை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

சுசித்ரா கோபப்படவில்லை. "சரிங்கய்யா. முதல்ல சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் உங்களுக்கு ஒண்ணு காட்டறேன். அதைக் கண்ணால பாத்தீங்கன்னா, நான் கேக்காமலே நீங்களே கையெழுத்துப் போடுவீங்க" என்றார்.

சாப்பாடு என்ற சொல் கேட்டதும் பந்தல் எழுந்துவிட்டது. பூவிழி ஓடி வந்து, "மேடத்துக்கு உள்ள ஆபீஸ்ல தனியா சாம்பார் சாதம் வெச்சிருக்கங்க" என்றாள்.

"தனியாவா? மக்கள் பங்கேற்புன்னு வாய் கிழியப் பேசிட்டு நான் தனியாச் சாப்பிடறதா? பந்தியில உக்காந்துக்கறேன்" என்று சுசித்ரா நஞ்சப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இனி மறைக்க வழியில்லை. பூவிழி குனிந்து அவர் காதோரம், "மேடம், மன்னிச்சுக்குங்க. மீன் கொழம்புதாங்க வெச்சிருக்கு. கூட்டம் வரலீங்க, அதனாலதான்... ஆனா ஜிலேபி மட்டும்ங்க. கடையில வாங்குனது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சுசித்ரா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆத்துக்காத்துன்னு சொன்னீங்க."

பூவிழி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி, ஜிலேபிதானே? அது வெளியிலருந்து வந்து நம்ம மீன் முட்டையைத் திங்கற மீன். எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடட்டும். எனக்கு மட்டும் மோர் ஊத்தச் சொல்லுங்க."

பூவிழிக்கு உயிர் வந்தது. அந்த உயிர் குழம்பு வாளி மூன்றாவது இலையைத் தாண்டும்வரை இருந்தது.

தீர்த்தம்மாள் கொட்டகையிலிருந்து தானே வெளியே வந்தாள். இரண்டு கையிலும் ஒரு தாம்பாளம். ஊர்ப் பந்தியில் முக்கியமான விருந்தாளிக்குத் தலையை வைப்பது வழக்கம். அவள் அந்த மரியாதையில் குறை வைக்கிறவள் இல்லை. நேராகச் சுசித்ராவின் இலைக்கு வந்து, "மேடம் மொதமொதல்ல எங்க ஊருக்கு வந்திருக்கீங்க" என்று தாம்பாளத்தில் இருந்ததை வைத்தாள்.

தலை மட்டுமே இலையின் பாதியை அடைத்துக்கொண்டது. தடித்த உதடு. வாயோரத்தில் மீசை. கழுத்துப் பக்கம் ஒட்டியிருந்த செதில் ஒன்று பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"இது பெருங்கெண்டை" என்றார் சுசித்ரா.  "உங்கள்ல ஒருத்தர்கூட மடுவுல கை வைக்க மாட்டீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

 பூவிழி ராஜாமணியைப் பார்த்தாள். கடையில் ஜிலேபி பத்தவில்லை என்று இவன் சொன்னானே! ராஜாமணி அவள் பக்கத்தில் வந்து, "சத்தியமா நான் ஜிலேபிதாங்க வாங்குனன்" என்று முனகினான். அவள் நம்பவில்லை. ராஜாமணியோ தன் தம்பியைப் பார்த்தான். அவன் நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்திருக்கவில்லை. பெரியம்மாள் தன் அண்ணன் மகனைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சந்தேகப்படுவதற்கு ஓர் ஆள் இருந்தான்.

நஞ்சப்பன் தன் மருமகனைப் பார்த்தார். அவன் போன வாரம்தான் புது வலை வாங்கியிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. உண்மையில் அவன் பயந்தது மாமனாரின் பார்வையைப் பார்த்துத்தான். அது அவருக்கு எப்படித் தெரியும்?

சுசித்ரா தீர்த்தம்மாளிடம் கேட்டார். "இந்த மீனை உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

தீர்த்தம்மாள் பூவிழியை ஒரு பார்வை பார்த்தாள். மீன் வரும், சத்தம் காட்டாமல் சமைத்துவிடு என்று சொன்னது பூவிழி. அலுவலகப் பக்கத்திலிருந்து வந்த பெட்டியும் பூவிழி அனுப்பியதுதான். பாவம், உத்தியோகத்தில் இருக்கிற பெண். தன் வாயால் அதைக் கெடுப்பானேன்?

"ஒகேனக்கல்ல காலமெல்லாம் வறுத்தவங்க நானு. மீன நீட்டுவாங்க. கொழம்பா, வறுவலான்னு கேப்பன். யாரு எவருன்னு கேட்டதில்லீங்க" என்றாள்.

அந்தப் பார்வை பூவிழியின் நெஞ்சில் தைத்தது. நான்தானே மீன் என்று சொன்னேன், நான் சொல்லப்போய்த்தானே எவனோ மடுவில் இறங்கினான் என்று நினைத்தாள். எந்த மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று அடுப்படியில் அழுதாளோ, அந்த மீனைத் தன் கூட்டத்தின் பந்தியிலேயே வைத்துவிட்டாள். வாட்ஸப்பில் வந்த படமெல்லாம் ஒரு அவமானமா? இதுதான் அவமானம். இப்படியே மடுவில் போய் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

நஞ்சப்பன் இலையை மடித்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்தார்.

"எங்கங்க கையெழுத்துப் போடணும்?"

"மாமா..." என்றாள் பூவிழி.

"பேசாத. நான் வாய் விட்டுச் சொன்னவன்." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எங்கப்பன் காத்து வெச்சிருந்தாரு. எங்க காலத்துல, எங்க ஊருப் பந்தியிலயே அதத் தின்னுட்டம். எழுதிக்குங்க மேடம். நாங்க திருடனுங்கதான். எங்ககிட்ட இருந்துதான் மடுவக் காப்பாத்தணும்."

அவர் பேனாவை எடுத்தார். நஞ்சப்பன் என்று எழுத இத்தனை நேரம் ஆகுமா என்று தோன்றும்படி எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவருக்குப் பின்னால் மருமகன் வந்தான். பிறகு ராஜாமணியின் தம்பி, பெரியம்மாள், அவள் அண்ணன் மகன். பிறகு வரிசையே உண்டாகிவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் தாங்களும் குழம்பு ஊற்றிக்கொண்டோமே என்ற கூச்சத்தில் வந்து போட்டார்கள். தூக்குவாளியில் வாங்கியிருந்த ஒருவர் அதை மேசையின் காலோரம் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கோடையிலிருந்து முறைபோட்டு மடுவைக் காவல் காக்கிறோம், தோட்டாக்காரன் வந்தால் நாங்களே பிடித்துக் கொடுக்கிறோம் என்று நஞ்சப்பனின் மருமகன் தானாகவே ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னான்.

பந்தியில் பாதிச் சோறு இலையிலேயே கிடந்தது. கெண்டைமடுவு சரித்திரத்தில் மீன் குழம்பு மிஞ்சியது அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்தபோது பூவிழிக்கு வேண்டியது கையில் இருந்தது. ஊர் முழுக்கச் சம்மதம். துறையில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததே இல்லை என்று சொல்வார்கள். ஆனால் அந்தத் தாள்களை எடுத்து அடுக்கவே அவளுக்குக் கை கூசியது.

"மேடம், என்னைய மன்னிச்சுக்குங்க. தப்பு என்னுது. வேலையவிட்டு எடுத்தாலும் சரிதாங்க" என்றாள் சுசித்ராவிடம்.

சுசித்ரா அந்தத் தாள்களைத் தானே மேசைமேல் அடுக்கினார். பிறகு எழுந்து, இன்னும் தலைகுனிந்து நின்ற ஊரைப் பார்த்துச் சொன்னார். "உங்களையெல்லாம் பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. தப்பு பண்ணினதுக்கு அப்புறமாவது வெக்கப்பட்டீங்களே, அதுவே பெரிசு. என் வேலையில நான் ஒரு மீனைக்கூட வீணாச் சாக விட்டதில்லை. நீங்களும் இனிமே அப்படி இருங்க. மத்தியானம் உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு இருந்தேன். இனிமே எதைக் காட்டி என்ன?"

தூணுக்குப் பின்னால் நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மாள் மூக்கைச் சிந்தினாள். தீர்த்தம்மாள் கொட்டகை வாசலில் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். பூவிழிக்கு நிமிரவே முடியவில்லை.

ஜீப் வந்து நின்றது. டிரைவர் சாமி ஏப்பம் விட்டபடி இறங்கினார். பேனரை அவிழ்த்தார். புரஜெக்டரை எடுத்து வைத்தார். கொட்டகைக்குப் போய் வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் அதன் எடை போதவில்லை என்று பட்டதோ என்னவோ, மூடியைத் திறந்து பார்த்தார். பெட்டியைச் சாய்த்தார். ஐஸ் கரைந்த தண்ணீர் மட்டும் கொஞ்சம் கீழே கொட்டியது.

அவர் பெட்டியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கையெழுத்துத் தாள்களைப் பார்த்தார். பிறகு சுசித்ராவிடம் ஆச்சரியமாகக் கேட்டார்:

"ஏங்க மேடம், இவங்களுக்குக் காட்டறதுக்காக நம்ம துறை மீன் பண்ணையில செத்த பெருங்கெண்டைய ஐஸ் பெட்டியில போட்டுக் கொண்டாந்தமே, அதக் காட்டாமலேயே எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"